மெக்கன்சி என்ற பெயரின் வேரைத் தேடுவது எப்படி: ஒரு முழுமையான வழிகாட்டி

சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்தின் பட்டியல்களைப் புரட்டியவர்களுக்கு மெக்கன்சி என்ற பெயர் நன்றாகவே பழக்கம். 1783-ல் மதராஸில் வந்து இறங்கி, 1815-ல் இந்தியாவின் முதல் சர்வேயர் ஜெனரல் ஆன காலின் மெக்கன்சி, தென்னிந்தியா முழுக்க ஆள் அனுப்பி ஊர் வரலாறுகளையும் வம்சாவளிகளையும் கல்வெட்டுப் படிகளையும் திரட்டியவர். அந்த வேலையில் அவருக்குக் கையும் காலுமாக இருந்தவர்கள் காவலி வெங்கட போரய்யா, லட்சுமய்யா சகோதரர்கள். ஊரார் வம்சாவளியெல்லாம் தேடிய இந்த மனிதரின் பெயர் எங்கே பிறந்தது, யார் யாரிடம் போய்ச் சேர்ந்தது என்பதைப் படிப்படியாகப் பார்க்கலாம். கேம்பெல், மெக்லியட், மன்றோ என்று வேறு எந்த ஸ்காட்டிஷ் பெயரைத் தேடுகிறவருக்கும் பாதை ஏறக்குறைய இதுதான்.

தொடங்கும்முன் என் கட்சியைச் சொல்லிவிடுகிறேன். ஸ்காட்லாந்தின் மலைநாட்டில், அதாவது ஹைலேண்ட்ஸில், குடும்பப் பெயர் ரத்தத்தைவிட நிலத்தோடுதான் அதிகம் ஒட்டியிருந்தது. பெயரை மட்டும் துரத்துகிறவர் ஆயிரம் மெக்கன்சிகளுக்கு நடுவே திசை தெரியாமல் நிற்பார். ஊரைத் துரத்துகிறவருக்கே ஆள் அகப்படுவார்.

முதல் படி: ஒரு ஆளைப் பிடித்துக்கொள்ளுங்கள்

'மெக்கன்சி வம்சம்' என்று தேடத் தொடங்க வேண்டாம். பெயர், பிறந்த அல்லது இறந்த ஆண்டு, தொழில், துணைவர் பெயர் ஆகிய நான்கும் ஓரளவு தெரிந்த ஒரே ஒருவரை எடுத்துக்கொண்டு, அவரிலிருந்து ஒவ்வொரு தலைமுறையாகப் பின்னோக்கிப் போங்கள். மேலே ஒரு புகழ்பெற்ற பிரபுவை வைத்துக்கொண்டு அவரிடமிருந்து கீழே இறங்கிவந்து நம்மைக் கோக்கப் பார்ப்பது இந்தத் துறையின் பழைய வியாதி. இணையத்தில் கிடைக்கும் குடும்ப மரங்களில் பாதி அப்படித்தான் வளர்ந்திருக்கின்றன.

இரண்டாம் படி: எழுத்தைத் தளர்த்துங்கள்

ஆங்கிலத்தில் எம்-ஏ-சி என்று தொடங்கினால் ஸ்காட்டிஷ், எம்-சி என்று தொடங்கினால் ஐரிஷ் என்று ஒரு நம்பிக்கை உலவுகிறது. அதில் உண்மை இல்லை. இரண்டும் ஸ்காட்லாந்து மலைநாட்டிலும் அயர்லாந்திலும் பேசிய கேலிக் மொழியில் 'மகன்' என்று பொருள்படும் ஒரே சொல்தான். எழுதியவர் கை எப்படிப் போனதோ அப்படி எழுதினார். எம் எழுத்துக்குப் பின் ஒரு மேற்குறி மட்டும் இட்டு எழுதிய பதிவுகளும் ஏராளம். ஒரே மனிதர் திருமணப் பதிவில் ஒரு விதமாகவும் இறப்புப் பதிவில் வேறு விதமாகவும் இருப்பார்.

பெயரின் நடுவே இருக்கும் 'இசட்' இன்னும் சுவையானது. பழைய ஸ்காட்ஸ் மொழியில் 'யோக்' என்றொரு எழுத்து இருந்தது. பார்க்க 3 என்ற எண்ணைப் போல இருக்கும், ஒலி ஏறக்குறைய 'ய'. அச்சு வந்தபோது அச்சகங்களில் அந்த எழுத்து இல்லை. தோற்றத்தில் நெருங்கிய இசட்டைப் போட்டுச் சமாளித்தார்கள். எனவே 17ஆம் நூற்றாண்டு எடின்பரோவில் இந்தப் பெயர் 'மெக்கிங்யி' என்பதுபோல ஒலித்தது. எழுத்தைப் பார்த்து வாசித்தவர்கள் பெருகப் பெருக இன்றைய 'மெக்கன்சி' நிலைத்தது. மென்சீஸ் என்ற பெயருக்கும் இதே கதை. அதை ஸ்காட்லாந்தில் இன்றும் 'மிங்கிஸ்' என்று சொல்வோர் உண்டு. ஆஸ்திரேலியப் பிரதமராக இருந்த ராபர்ட் மென்சீஸுக்கு 'மிங்' என்று பட்டப்பெயர் வந்ததும் அதனால்தான்.

தேடுவோருக்கு இதில் ஒரு வேலை இருக்கிறது. இசட் இருக்க வேண்டிய இடத்தில் ஒய், ஜி, என்-ஒய் எல்லாம் வரலாம். ஸ்காட்லாந்து அரசின் 'ஸ்காட்லாண்ட்ஸ் பீப்பிள்' தளத்தில் நட்சத்திரக் குறி இட்டுத் தேடும் வசதி உண்டு. முதலில் எம், நடுவில் கே-இ-என், மற்ற இடங்களில் நட்சத்திரம் என்று போட்டால் பெரும்பாலான வடிவங்கள் வலையில் விழும். கேலிக் பேச்சில் பெண்களுக்கு 'மேக்' வராது, 'நிக்' வரும். அரசுப் பதிவேடுகள் அதைப் பெரும்பாலும் பொருட்படுத்தவில்லை.

மூன்றாம் படி: தோற்றக் கதையையும் ஆவணத்தையும் தனித்தனியாக வையுங்கள்

கேலிக்கில் இந்தப் பெயர் 'மேக் கொய்ன்யிக்', அதாவது கொய்ன்யக்கின் மகன். கொய்ன்யக்கை ஆங்கிலத்தில் கென்னத் ஆக்கினார்கள். 'அழகன்' என்ற பொருளில் வரும் பெயர். நம் இனிஷியலைப் போல, கேலிக் மக்களிடமும் தகப்பன் பெயர் தலைமுறைக்குத் தலைமுறை மாறிக்கொண்டே வந்தது. கென்னத்தின் மகன் ஜான் ஒரு மெக்கன்சி. அந்த ஜானின் மகன் மெக்கன்சியாக இருக்க வேண்டிய கட்டாயமில்லை. இது எந்தத் தலைமுறையில் உறைந்து நிலைத்த பெயரானது என்பது குடும்பத்துக்குக் குடும்பம் வேறு. ஸ்காட்லாந்தின் எந்த மூலையிலும் ஒரு கென்னத்துக்கு மகன் பிறந்திருக்கலாம் என்பதால், மெக்கன்சி குலத் தலைவர் குடும்பத்தோடு ஒட்டும் உறவும் இல்லாத மெக்கன்சிகள் தொடக்கத்திலிருந்தே இருந்தார்கள்.

தலைவர் குடும்பத்துக்கென்று ஒரு கதை உண்டு. காலின் ஃபிட்ஸ்ஜெரால்ட் என்ற ஐரிஷ் வீரர் 1263 லார்க்ஸ் போரில் மூன்றாம் அலெக்சாண்டர் மன்னருக்காகப் போரிட்டாராம். சீறி வந்த கலைமானிடமிருந்து மன்னரைக் காப்பாற்றினாராம். பரிசாகக் கின்டெய்ல் பகுதியைப் பெற்றாராம். குலச் சின்னத்தில் கலைமான் தலை வந்ததற்கு விளக்கம் இதுதான். 1786-ல் பெஞ்சமின் வெஸ்ட் இந்தக் காட்சியைச் சுவர் நிறைக்கும் ஓவியமாகத் தீட்டினார். எடின்பரோவில் இன்றும் பார்க்கலாம். ஓவியம் பிரமாதம், வரலாறு பலவீனம். கதையைப் பரப்பியவர்களில் முக்கியமானவர் 17ஆம் நூற்றாண்டின் ஜார்ஜ் மெக்கன்சி, பின்னாளில் குரோமார்ட்டி பிரபு ஆனவர். அவர் காலத்தில் பெரிய குடும்பங்கள் பிரான்சிலிருந்து வந்து இங்கிலாந்திலும் அயர்லாந்திலும் நிலைத்த நார்மன் வீரர்களை மூதாதையராகக் காட்டிக்கொள்வதில் போட்டி போட்டன. ஆதாரமாகக் காட்டப்பட்ட நிலப்பட்டயத்தைப் பிற்கால ஆய்வாளர்கள் ஏற்கவில்லை.

அதற்கு மாறாக, 1467-ஐச் சேர்ந்த கேலிக் சுவடி ஒன்றின் வம்சாவளி, மெக்கன்சிகளையும் மேத்திசன்களையும் கில்யோன் என்ற ஒரே மூதாதையரிடம் கொண்டுபோய் விடுகிறது. அயர்லாந்து வீரனும் இல்லை, கலைமானும் இல்லை. உள்ளூர்க் கேலிக் குடும்பம். எனக்கு இதுவே நம்பும்படி இருக்கிறது. நீங்கள் தேடும் பெயருக்கும் இப்படியொரு வீரக் கதை கட்டாயம் இருக்கும். கதை முதலில் எழுதப்பட்ட ஆண்டைக் கண்டுபிடியுங்கள். சம்பவத்துக்கும் எழுத்துக்கும் இடையே நானூறு ஆண்டு இருந்தால், அந்தக் கதை எழுதியவரின் காலத்தைப் பற்றித்தான் அதிகம் பேசும்.

நான்காம் படி: நிலம் பரவிய வழியை வரைபடத்தில் குறியுங்கள்

இதற்குச் சோம்பாமல் ஒரு முழு நாள் ஒதுக்குங்கள். பின்னால் வரும் படிகளெல்லாம் இதன்மேல்தான் நிற்கின்றன.

ஆதி இடம் மேற்குக் கடற்கரையில் கின்டெய்ல். கோட்டை, மூன்று கடற்கழிகள் கூடுமிடத்தில் நிற்கும் ஐலீன் டோனன். 1493-ல் 'தீவுகளின் பிரபு' என்ற பெரும் பட்டம் அரசரால் பறிக்கப்பட்டபோது மேற்கில் ஒரு வெற்றிடம் உண்டானது. மெக்கன்சிகள் மன்னரின் பக்கம் நின்று அதை நிரப்பினார்கள். 1494-ல் ஹெக்டர் ராய் மெக்கன்சிக்குக் கேர்லாக் பட்டயம் கிடைத்தது. கிழக்கே ஸ்ட்ராத்பெஃபர், பிராஹன் என்று வளமான வயல்நாட்டுக்குள்ளும் வந்தார்கள். லூயிஸ் தீவை 1598-ல் ஆறாம் ஜேம்ஸ் மன்னர் ஃபைஃப் பகுதிச் சீமான்களிடம் கொடுத்துக் குடியேற்றப் பார்த்தார். தீவின் மெக்லியட்கள் விரட்டியடித்தார்கள். கடைசியில் 1610-ல் தீவு கின்டெய்ல் மெக்கன்சியின் கைக்கு வந்தது. 1623-ல் அந்தக் குடும்பம் சீஃபோர்த் பிரபுக்கள் ஆனது. நூற்றுச் சொச்சம் ஆண்டுகளில் கடற்கரைக் கோட்டைக்காரர்கள் ஸ்காட்லாந்தின் மேற்குக் கடலிலிருந்து கிழக்குக் கடல்வரை நிலம் வைத்திருந்தார்கள். கத்தியைவிடப் பத்திரமும் கடனும்தான் இதில் அதிகம் வேலை செய்தன.

நிலம் கைமாறியபோது பெயரும் பரவியது. தலைவரின் இளைய மகன்களும் அவர்களின் இளைய மகன்களும் குத்தகைப் பண்ணைகளில் அமர்த்தப்பட்டார்கள். அவர்களுக்குக் கீழே உழுத சிலர், பாதுகாப்புக்காகவோ சலுகைக்காகவோ, தலைவரின் பெயரைத் தங்கள் பெயராக்கிக்கொண்டார்கள். ஆனால் எல்லோரும் அப்படிச் செய்யவில்லை. கின்டெய்லின் மெக்ரேக்கள் மெக்கன்சித் தலைவரின் 'கவசச் சட்டை' என்று பேர் வாங்கும் அளவுக்கு அவருக்காக உயிரைக் கொடுத்தார்கள். பெயரை மட்டும் விடவில்லை. ஆகவே 'குலத்தின் நிலத்தில் வாழ்ந்தார்கள், அதனால் மெக்கன்சி ஆனார்கள்' என்று எல்லா இடத்திலும் ஒரே சூத்திரம் போட முடியாது.

பெயர் மாற்றம் எவ்வளவு சாதாரணம் என்பதற்கு மெக்கிரிகர்களே சாட்சி. 1603-ல் அந்தப் பெயரையே அரசு தடை செய்தது. அவர்கள் கேம்பெல், டிரம்மண்ட், மர்ரே என்று கிடைத்த பெயரில் ஒளிந்தார்கள். இடையில் விலக்கப்பட்டு மறுபடி வந்த தடை, 1774-ல்தான் ஒரேயடியாக நீங்கியது.

வரைபடத்தில் குறிக்கும்போது பண்ணைப் பெயர்களை விட்டுவிடாதீர்கள். எல்லோரும் மெக்கன்சி என்றால் யாரை எப்படி அழைப்பது? கேர்லாக் மெக்கன்சி, கூல் மெக்கன்சி, கில்காய் மெக்கன்சி, ஆப்பிள்கிராஸ் மெக்கன்சி என்று நிலத்தின் பெயரைச் சேர்த்தே அடையாளம் சொன்னார்கள். ஓர் ஆவணத்தில் அந்த ஒட்டு கிடைத்துவிட்டால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

ஐந்தாம் படி: 1855-ஐத் தொடுங்கள்

ஸ்காட்லாந்தில் பிறப்பு, திருமணம், இறப்பைக் கட்டாயமாக அரசு பதியத் தொடங்கியது 1855 ஜனவரி 1 அன்று. இந்தப் பதிவுகள் இங்கிலாந்துப் பதிவுகளைவிட மிக வளமானவை. இறப்புப் பதிவில் தாய் தந்தை இருவர் பெயரும் தாயின் பிறந்தகப் பெயரும் இருக்கும். ஸ்காட்லாந்துப் பெண்கள் திருமணத்துக்குப் பின்னும் சட்ட ஆவணங்களில் பிறந்தகப் பெயரோடு வருவது பெரிய வரம். 1855-ஆம் ஆண்டின் பதிவுகளில் மட்டும் கூடுதல் விவரங்கள் கேட்டார்கள். பதிவாளர்களுக்குக் கட்டுப்படியாகாமல் அடுத்த ஆண்டே குறைத்துவிட்டார்கள். உங்கள் ஆளின் நேரடி மூதாதையர் இல்லாவிட்டாலும், அவருடைய அண்ணனோ அத்தையோ 1855-ல் பதிவாகியிருந்தால் அந்தச் சான்றிதழைக் காசு கொடுத்து எடுங்கள்.

ஆட்களின் பெயரோடு மக்கள்தொகைக் கணக்கு கிடைப்பது 1841 முதல், பத்தாண்டுக்கு ஒருமுறை. 1841-ல் பெரியவர்கள் வயதை ஐந்தின் மடங்காகக் கீழே இறக்கி எழுதினார்கள். பிறந்த ஊரும் இல்லை, அதே கவுண்டியா (மாவட்டமா) இல்லையா என்பது மட்டும். 1851 முதல் பிறந்த திருச்சபைப் பங்கின், அதாவது ஓர் ஆலயத்துக்கு உட்பட்ட ஊர்ப்பகுதியின், பெயர் கிடைக்கும். 1881 முதல் கேலிக் பேசுவாரா என்ற கேள்வியும் சேர்ந்தது. கிளாஸ்கோவின் தொழிற்சாலைத் தெருவில் ஒரு மெக்கன்சி குடும்பம் கேலிக் பேசியதாகப் பதிவாகியிருந்தால், வடக்கிலிருந்து வந்து அதிக காலம் ஆகவில்லை என்று கொள்ளலாம்.

ஒரு பொறியையும் சொல்லிவிட வேண்டும். மேலே சொன்ன குரோமார்ட்டி ஜார்ஜ், தன் சிதறிய நிலங்களையெல்லாம் 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் குரோமார்ட்டி கவுண்டியோடு சேர்க்கச் செய்தார். அதனால் அந்தக் கவுண்டி ராஸ் கவுண்டிக்குள்ளே துண்டு துண்டாகக் கிடந்தது. குரோமார்ட்டியில் பிறந்தவர் என்றிருந்தால் அது கிழக்கே குரோமார்ட்டி நகரமாகவும் இருக்கலாம், மேற்கே கோயிகாக் மலைகளாகவும் இருக்கலாம். லூயிஸ் தீவு ராஸ் கவுண்டியில். அதே நிலத்தொடரின் தெற்குப் பாதியான ஹாரிஸ் இன்வர்னஸ் கவுண்டியில்.

ஆறாம் படி: திருச்சபைப் பதிவேடுகள்

1855-க்கு முன் ஆதாரம், ஸ்காட்லாந்து திருச்சபையின் பங்குப் பதிவேடுகள். நாட்டிலேயே பழையது பெர்த்ஷயரின் எரல் ஊருக்கு உரியது, 1553-ல் தொடங்குகிறது. மலைநாட்டிலும் தீவுகளிலும் அந்த யோகம் இல்லை. பல பங்குகளில் 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதிக்குப் பின்தான் ஏடே தொடங்கும். சிலவற்றில் 19ஆம் நூற்றாண்டில். தேடும் முன்பே அந்தப் பங்கின் ஏடு எந்த ஆண்டில் தொடங்குகிறது என்று பார்த்துவிட்டால் வீண் செலவு மிச்சமாகும்.

1843-ஐ மறக்கவே கூடாது. அந்த ஆண்டு திருச்சபை பிளந்து சுதந்திரத் திருச்சபை உருவானது. ராஸ் கவுண்டியிலும் லூயிஸிலும் மக்கள் பெருந்திரளாக வெளியேறினார்கள். பழைய ஏட்டில் குழந்தைகள் திடீரென்று மறைவது அதனால்தான். குடும்பம் கப்பலேறிவிட்டது என்று அவசரப்பட்டு முடிவு கட்டாதீர்கள். பிற திருச்சபைகளின் பதிவுகள் என்ற தனிப் பிரிவில் தேடுங்கள்.

பெயர் வைக்கும் மரபு இங்கே கைகொடுக்கும். மூத்த மகனுக்குத் தந்தை வழித் தாத்தா பெயர், அடுத்தவனுக்குத் தாய் வழித் தாத்தா பெயர். மூத்த மகளுக்குத் தாய் வழிப் பாட்டி பெயர். எல்லோரும் பின்பற்றவில்லை, ஆனால் ஊகத்தைச் சரிபார்க்கப் போதும். இதன் மறுபக்கம், ஒரே ஊரில் நான்கு கென்னத் மெக்கன்சிகள் ஒரே காலத்தில் இருப்பார்கள். துணைவியின் பெயரும் பண்ணையின் பெயரும் இல்லாமல் யாரையும் உறுதி செய்யாதீர்கள்.

ஏழாம் படி: ஏடுகள் ஓய்ந்த பிறகு

இனி நிலமும் பணமும்தான் பேசும். உயில் சார்ந்த ஆவணங்கள் 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்தே ஸ்காட்லாண்ட்ஸ் பீப்பிளில் உண்டு. ஆனால் 1868 வரை நிலத்தை உயிலால் கொடுக்க முடியாது; அசையும் சொத்தே அதில் இருக்கும். நிலத்துக்கு, 1617-ல் தொடங்கிய சசைன் எனப்படும் நில உரிமைப் பதிவேடுகளைப் பாருங்கள்.

எளிய குத்தகைதாரருக்கு இவை எதிலும் இடமில்லை. அவர்களைக் காட்டிக்கொடுப்பது, வேடிக்கையாக, கலகம்தான். 1715-ல் சீஃபோர்த் பிரபு, அரியணை இழந்த ஸ்டூவர்ட் குலத்தை மீட்க எழுந்த ஜேக்கபைட் பக்கம் சாய்ந்து நிலத்தை இழந்தார். 1719-ல் மறுபடி முயன்றபோது கப்பற்படை ஐலீன் டோனனைத் தகர்த்தது. அரசு எடுத்துக்கொண்ட நிலத்திலும் குடிகள் வாடகையை அரசுக்குக் கட்டவில்லை. டொனால்ட் மர்ச்சிசன் என்ற பிரபுவின் ஆள் வசூலித்து, நாடு கடந்திருந்த பிரபுவுக்கு அனுப்பிவைத்தார். 1721-ல் வசூலுக்கு வந்த அதிகாரிகளை ஆயுதத்தோடு வழிமறித்துத் திருப்பி அனுப்பினார்கள். 1745 ஜேக்கபைட் எழுச்சியில் சீஃபோர்த் குடும்பம் அரசு பக்கம், குரோமார்ட்டி பிரபு கலகக்காரர் பக்கம். அவர் அந்த எழுச்சியை முடித்துவைத்த கலோடன் போருக்கு முந்தைய நாள் பிடிபட்டார். அரசு பறித்த நிலங்களுக்கெல்லாம் குடிகளின் பட்டியல் எழுதியது. எடின்பரோவில் உள்ள ஸ்காட்லாந்து தேசிய ஆவணக் காப்பகத்தில் பறிமுதல் நிலங்களின் கோப்புகளைக் கேளுங்கள். பிரபுவின் தோல்வியால் நமக்குக் கிடைத்த லாபம் அது.

எட்டாம் படி: கடல் கடந்தவர்கள்

1773-ல் 'ஹெக்டர்' என்ற கப்பல் மெக்கன்சி நாடான லாக் புரூமிலிருந்து கனடாவின் பிக்டூவுக்குக் குடியேறிகளை ஏற்றிச் சென்றது. 1764-ல் ஸ்டோர்னோவேயில் பிறந்த அலெக்சாண்டர் மெக்கன்சி சிறுவனாக அமெரிக்கா போய், 1789-ல் வட கனடாவின் பெருநதி வழியே ஆர்க்டிக் கடலையும், 1793-ல் தரைவழியாகப் பசிபிக்கையும் தொட்டார். நதிக்கு அவர் பெயர். டொரண்டோவின் முதல் மேயர் வில்லியம் லயன் மெக்கன்சி, 1837-ல் கிளர்ச்சி செய்தவர், டண்டீ பக்கத்தவர். கனடாவின் இரண்டாம் பிரதமர் அலெக்சாண்டர் மெக்கன்சி, பெர்த்ஷயரில் பிறந்த கல்தச்சர். மூவரையும் ஒரே குடும்பமாக்க ஆசை வரும். பெயர் ஒன்று என்பதைத் தவிர அதற்கு ஆதாரம் வேண்டும். விலங்குகளின் ரோமத்தோல் வணிகர்களுக்குப் பூர்வகுடிப் பெண்களிடம் பிறந்த மெட்டிஸ் குடும்பங்களிலும் இந்தப் பெயர் உண்டு. நியூசிலாந்தின் மெக்கன்சி பகுதிக்குப் பெயர் கொடுத்தவரோ, 1855-ல் ஆயிரம் ஆடுகளைத் திருடியதாகப் பிடிபட்டு, அடுத்த ஆண்டு மன்னிக்கப்பட்ட ஓர் இடையர்.

கரீபியனில் கவனம் வேண்டும். கடைசி சீஃபோர்த் பிரபு பார்படோஸ் ஆளுநராக இருந்தவர். தென்னமெரிக்காவின் பெர்பிஸில் தோட்டங்கள் வாங்கியவர். அடிமைப்படுத்தப்பட்டோரின் வழித்தோன்றல்கள் ஸ்காட்டிஷ் பெயர் தாங்குவது அங்கே சாதாரணம். அது ரத்த உறவாகவும் இருக்கலாம், முதலாளியின் பெயராக மட்டும் இருக்கலாம்.

அந்தப் பிரபுவின் நான்கு மகன்களும் அவருக்கு முன்பே இறந்தார்கள். 1815-ல் வாரிசானவர் மகள் மேரி. அவருடைய கணவர் அட்மிரல் சாமுவேல் ஹூட் அதற்குச் சில வாரங்கள் முன்புதான், 1814 டிசம்பரில், மதராஸில் காலமாகியிருந்தார். மேரி மறுமணம் செய்த ஜேம்ஸ் ஸ்டூவர்ட், மனைவியின் குடும்பப் பெயரையும் சேர்த்து ஸ்டூவர்ட்-மெக்கன்சி ஆனார். 1837 முதல் 1841 வரை இலங்கையின் ஆளுநர் அவர்தான். சொத்து பெண் வழியே போனால் பெயரும் அவள் பின்னால் போகும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. 1844-ல் லூயிஸ் தீவை ஜேம்ஸ் மேத்திசனுக்கு விற்றார்கள். சீன அபினி வணிகத்தில் பணம் குவித்தவர். பழஞ்சுவடி மெக்கன்சிகளோடு ஒரே கிளையில் வைக்கும் அதே மேத்திசன் பெயர்.

ஒன்பதாம் படி: மரபணு

தந்தை வழி ஒய்-குரோமோசோம் சோதனை குடும்பப் பெயரோடு சேர்ந்து நடப்பதால் பயனுள்ளதுதான். ஆனால் முன்னே பார்த்த காரணங்களால் மெக்கன்சிகள் எல்லோரும் ஒரே தந்தை வழியில் வந்து நிற்கமாட்டார்கள். ஆவணத்தில் இரண்டு கிளைகள் இணைகின்றனவா என்ற குறிப்பிட்ட கேள்வி இருந்தால் மட்டும் பணம் செலவழியுங்கள்.

பத்தாம் படி: சென்னையிலிருந்து தொடங்குபவர்களுக்கு

கல்லறைக் கல்லிலோ குடும்பப் பத்திரத்திலோ மெக்கன்சி இருந்தால், முதலில் செயின்ட் ஜார்ஜ் கோட்டையின் செயின்ட் மேரி ஆலயம், எழும்பூரில் 1821-ல் திறந்த செயின்ட் ஆண்ட்ரூஸ் கர்க் ஆகியவற்றின் பதிவுகளைப் பாருங்கள். பிந்தையது ஸ்காட்டிஷ் திருச்சபைக்கென்றே கட்டியது. மதராஸ் மாகாணத் திருச்சபைப் பதிவுகளின் நகல்கள் லண்டனுக்குப் போயின; அவை பிரிட்டிஷ் நூலகத்தின் இந்திய அலுவலக ஆவணங்களில் இருக்கின்றன.

சிப்பாய் என்றால் யாருடைய சிப்பாய் என்பது முக்கியம். கிழக்கிந்தியக் கம்பெனிப் படையென்றால் அதே பிரிட்டிஷ் நூலகம். மன்னர் படையென்றால் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகம். 1778-ல் சீஃபோர்த் பிரபு திரட்டிய படை, கம்பெனிக்கு விற்கப்படப்போகிறோம் என்ற வதந்தியிலும் சம்பளப் பாக்கியிலும் எடின்பரோவின் ஆர்தர் சீட் குன்றில் ஏறி நின்று கலகம் செய்தது. சமாதானமாகி 1781-ல் கப்பலேறியது. பிரபு வழியில் இறந்தார், ஸ்கர்வி என்ற ஊட்டக்குறை நோயில் இருநூறுக்கும் மேற்பட்ட வீரர்களும் இறந்தார்கள். மீதிப் பேர் 1782-ல் மதராஸில் இறங்கினார்கள். அந்தப் படையின் எண் அப்போது 78. 1786-ல் அதை 72 ஆக்கினார்கள். 1793-ல் திரட்டிய வேறொரு சீஃபோர்த் படைக்கு மீண்டும் 78 என்று எண் கொடுத்தார்கள். 1803-ல் அசாயே போரில் இருந்தது அது. எனவே ஞானஸ்நானப் பதிவில் தந்தை '78ஆம் படை' என்றிருந்தால், முதலில் ஆண்டைப் பார்த்துவிட்டு எந்தப் படையின் பட்டியலைக் கேட்பது என்று முடிவு செய்யுங்கள்.